தாத்தாவின் நூலும் என் முதல் விமானமும்

நான் கட்டிய முதல் விமானம் என் உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 12.4 சென்டிமீட்டர். நீளம் 10 சென்டிமீட்டர். அதைக் கட்டி முடிக்க எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. பெட்டியின் விலை 20 வெள்ளிக்கும் குறைவு.

இருபது வயதில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டி விளையாடும் அளவுக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நேரம் இருந்ததால் தொடங்கவில்லை. தோற்றுப்போனதால் தொடங்கினேன்.

பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். இறக்கை எப்படித் தூக்குவிசையை உண்டாக்குகிறது என்று கேட்டால் சமன்பாட்டோடு எழுதிக் காட்டிவிடுவேன். கணினியில் இறக்கை வரைவதிலும் குறைசொல்ல முடியாது. ஆனால் சென்ற தவணையில் எங்கள் குழு பால்சா மரத்தில் செய்த கிளைடர், சோதனை நாளன்று மண்டபத்தில் இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை. கையை விட்டுக் கிளம்பியதுமே இடது இறக்கை கழன்று விழுந்தது. அதை ஒட்டியது நான்.

குழுவில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. விரிவுரையாளர் மட்டும் உடைந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வரைபடத்தில் தவறில்லை, கைதான் இன்னும் பழகவில்லை,” என்றார். தேர்ச்சி பெற்றோம், ஆனால் சொல்லிக்கொள்ளும்படியான மதிப்பெண் இல்லை. அடுத்த ஆண்டு இதே போன்ற இன்னொரு திட்டம் காத்திருக்கிறது.

கை பழக வேண்டுமென்றால் எதையாவது கையால் செய்ய வேண்டும். விடுமுறை தொடங்கிய முதல் வாரம், பொம்மை விமானங்கள் விற்கும் ஒரு சிறிய கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்தேன். அட்டையில் மஞ்சள் வயிறும் இரண்டடுக்கு இறக்கையும் கொண்ட ஒரு விமானம் இருந்தது. பெயர் டைகர் மோத்.

பசை, தூரிகைகள், நான்கைந்து வண்ணப் புட்டிகள், மெல்லிய உப்புத்தாள், ஒரு சிறிய வெட்டுக்குறடு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 50 வெள்ளிக்குள் அடங்கியது.

ஆறடி மனிதர் ஓர் அங்குலம்

பெட்டியின்மேல் 1/72 என்று போட்டிருந்தது. அசல் விமானத்தை 72ஆல் வகுத்தால் இந்த மாதிரி வரும் என்று பொருள். ஏன் 70 இல்லை, 75 இல்லை? ஆறடிக்கு 72 அங்குலம். ஆகவே ஆறடி உயரமுள்ள விமானி இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம் ஆகிவிடுவார். அடியும் அங்குலமும் புழங்கிய பிரிட்டனில் பிறந்த கணக்கு அது.

டைகர் மோத் முதன்முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26ஆம் தேதி. பிரிட்டனின் டி ஹேவிலண்ட் நிறுவனம் அதை விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகவே வடிவமைத்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. 130 குதிரைத்திறன் கொண்ட ஒரே இயந்திரம், திறந்த இரு இருக்கைகள், மணிக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர் உச்ச வேகம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, இந்தியா எனப் பல நாடுகளில் ஒரு தலைமுறை விமானிகள் இதில்தான் பறக்கப் பழகினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. ஆசிரியர் முன் இருக்கையில் உட்காருவார், மாணவர் பின் இருக்கையில். மாணவர் தனியாகப் பறக்கும் நாளில் முன் இருக்கை காலியாக இருக்கும். வழக்கமாகத் தனக்கு முன்னால் தெரியும் அந்தத் தலை இல்லாமல் அவர் வானில் ஏற வேண்டும்.

ஃபேரர் பார்க்கில் இறங்கிய விமானங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு நாள், இரண்டடுக்கு இறக்கை விமானங்கள் சிங்கப்பூரில் பறந்திருக்கின்றனவா என்று தேடினேன். கிடைத்த பதில் என்னை லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிச் சென்றது.

சிங்கப்பூரில் முதன்முதலில் விமானம் பறந்தது 1911 மார்ச் 16ஆம் தேதி. ஓட்டியவர் ஜோசப் கிறிஸ்தியான்ஸ் என்ற பெல்ஜியர். விமானம் பிரிஸ்டல் பாக்ஸ்கைட். பெயருக்கேற்ப, ஒரு பெரிய பெட்டிப் பட்டம் போலவே இருக்கும். மரச்சட்டம், அதன்மேல் துணி, இடையில் கணக்கற்ற கம்பிகள். விமானி முன்னால், எந்த மறைப்பும் இல்லாமல் காற்றில் உட்கார்ந்திருப்பார். அது பறந்த இடம், அப்போது குதிரைப் பந்தயத் திடலாக இருந்த ஃபேரர் பார்க்.

நாம் மீன்தலைக் கறி சாப்பிடப் போகும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தத் திடலால்தான். 1933ல் குதிரைப் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. சாலையின் பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே திடலில் இன்னொரு விமானம் இறங்கியது. 1919 டிசம்பர் 4ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களின் விக்கர்ஸ் விமி. அதுவும் இரண்டடுக்கு இறக்கை விமானம்தான். ஆனால் பெரியது, இரட்டை இயந்திரம் கொண்டது. அவ்வளவு பெரிய விமானத்துக்குத் திடல் போதாது. வேகத்தை எப்படிக் குறைப்பது? விமானம் தரையைத் தொடவிருந்த நேரத்தில் இயந்திரப் பணியாளர் பென்னட் தமது இருக்கையிலிருந்து வெளியேறி, விமானத்தின் முதுகின்மேல் சறுக்கிச் சென்று வாலில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய எடையில் வால் தரையில் அழுந்தி, விமானம் சீக்கிரமே நின்றது. ஆறு நாளில், டிசம்பர் 10ஆம் தேதி, அவர்கள் டார்வின் போய்ச் சேர்ந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு மாலை ஃபேரர் பார்க் திடலுக்குப் போய் நின்றேன். அந்த வட்டாரத்தின் ஒரு பகுதியில் வீவக வீடுகள் வரும் என்று 2022ல் அறிவித்திருக்கிறார்கள். சில சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நூறு முறையாவது அந்தப் பக்கம் போயிருப்பேன். அங்கு வானத்தைப் பார்த்தது அன்றுதான்.

வளைந்திருந்தது இறக்கை அல்ல

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். செடியில் காய்கள் தொங்குவதுபோல, நாற்பது சொச்சம் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. சில பாகங்கள் அரிசியைவிடச் சிறியவை.

முதல் தவறு பத்தே நிமிடத்தில் நேர்ந்தது. மேல் இறக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தால் நேராக இல்லை. இரு நுனிகளும் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தன. மலிவான பெட்டிதானே, வெயிலில் கிடந்து வளைந்துவிட்டது என்று முடிவு செய்தேன். வளைந்த பிளாஸ்டிக்கைச் சுடுநீரில் முக்கி நிமிர்த்தலாம் என்று எங்கோ படித்த நினைவு. அடுப்பில் தண்ணீரும் வைத்துவிட்டேன்.

நல்லவேளை, தண்ணீர் கொதிப்பதற்குள் அசல் விமானத்தின் படத்தை ஒருமுறை பார்த்தேன். அசலிலும் இறக்கை அப்படித்தான் இருந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. டைகர் மோத்துக்கு முந்தைய வடிவத்தில், மேல் இறக்கை முன் இருக்கைக்கு நேர் மேலே இருந்தது. ஆபத்து வந்தால் வான்குடையோடு குதிக்க வேண்டிய ஆசிரியருக்குத் தலைக்குமேல் எரிபொருள் தொட்டி, சுற்றிலும் தாங்குகால்கள். எப்படி வெளியேறுவது? ஆகவே மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். இறக்கை முன்னால் போனால் தூக்குவிசையும் முன்னால் போகும், விமானத்தின் சமநிலை கெடும். அதைச் சரிக்கட்ட இறக்கையின் நுனிகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ஒரு மனிதர் உயிரோடு வெளியே வர வழி செய்யப்போய் உண்டான சாய்வு அது. அதைத்தான் நான் சுடுநீரில் நிமிர்த்தப் பார்த்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தேநீர் போட்டேன்.

இரண்டாவது தவறு பசையால் வந்தது. இத்தகைய பெட்டிகளுக்கான பசை, காகிதப் பசைபோல் இரண்டு பொருள்களுக்கு நடுவில் ஒட்டிக்கொள்வதில்லை. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கொஞ்சம் கரைக்கிறது. கரைந்த இரு பரப்புகளும் ஒன்றோடொன்று கலந்து, பிறகு இறுகி ஒரே துண்டாகின்றன. இறுகும்வரை தொடக்கூடாது. நான் தொட்டேன். என் கட்டைவிரல் ரேகை விமானத்தின் பக்கவாட்டில் அச்சடித்ததுபோல் பதிந்துவிட்டது. ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துத்தான் அதைப் போக்க முடிந்தது.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கிளைடர் நினைவுக்கு வந்தது. சோதனைக்கு முந்தைய இரவு, கடைசி மணி நேரத்தில் இடது இறக்கையை ஒட்டினேன். பசை காயும்முன் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன், கோணம் சரியாக இல்லையென்று கொஞ்சம் அசைத்தும் வைத்தேன். மறுநாள் அது கழன்று விழுந்ததில் புதிர் எதுவும் இல்லை. இத்தனை வாரங்களாக, எனக்குக் கைத்திறன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாமல் போனது எட்டு மணி நேரக் காத்திருப்பு.

எட்டுக் கால்கள், ஒரு கூரை

ஒற்றை இறக்கை விமானத்தைவிட இரண்டடுக்கு விமானத்தைக் கட்டுவது கடினம் என்பதை நான் வாங்கிய பிறகுதான் அறிந்தேன். கீழ் இறக்கையை உடலில் பொருத்தியதும் மேல் இறக்கையை எட்டுத் தாங்குகால்களின்மேல் கூரைபோல் ஏற்ற வேண்டும். நடுவில் நான்கு, இரு பக்கமும் இரண்டிரண்டு. ஒரு காலை அதன் குழியில் பொருத்தினால் இன்னொன்று வெளியே வரும். அதைப் பிடித்தால் மூன்றாவது சாயும். ஒரே இரவில் மூன்று முறை மேல் இறக்கை சரிந்து விழுந்தது.

நான்காவது முறை, எல்லாவற்றையும் கழற்றிப் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வரிசையை மாற்றினேன். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, இரண்டு இறக்கைகளுக்கும் இடையே நிற்கும்படி ஒரு தாங்கி செய்தேன். முதலில் நடுவிலுள்ள நான்கு கால்கள் மட்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். மறுநாள் பக்கத்துக் கால்கள். ஒவ்வொன்றையும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்த பிறகே பசையோடு ஒட்டினேன். இறக்கை நின்றது.

மூன்றாவது தவறைத் திருத்த முடியவில்லை. விமானிகளின் முன்னால் இருக்கும் நகம் அளவு கண்ணாடித் துண்டை அவசரத்தில் உடனடிப் பசையால் ஒட்டினேன். அந்தப் பசை இறுகும்போது வெளிவரும் ஆவி, பக்கத்திலுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் வெண்மையாகப் படிந்துவிடும். என் விமானி இன்றும் பனிமூட்டத்தின் ஊடேதான் பார்க்கிறார்.

எதற்கு இத்தனை தொல்லை? ஏன் இரண்டு இறக்கைகள்? அந்தக் காலத்தில் இறக்கைகள் மரத்தாலும் துணியாலும் ஆனவை, மெல்லியவை. ஒற்றை இறக்கையைப் போதிய அளவுக்கு நீளமாகச் செய்தால் அது வளைந்து முறியும். இரண்டு இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் கால்களை நிறுத்தி, மூலைக்கு மூலை கம்பி இழுத்துக் கட்டினால் எல்லாம் சேர்ந்து ஒரு பாலம்போல் உறுதியாகிவிடும். பறக்கும்போது இறக்கைகள் மேலே தூக்கப்படும், அந்த விசையை ஒரு சாய்வில் செல்லும் கம்பிகள் தாங்கும். தரையில் நிற்கும்போது இறக்கைகளின் எடையை எதிர்ச் சாய்வில் செல்லும் கம்பிகள் தாங்கும். கம்பியால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால்தான் இரண்டு திசையிலும் கம்பிகள் தேவை.

என் பெட்டியில் அந்தக் கம்பிகள் இல்லை. மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் அதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கம்பி இல்லாத இரண்டடுக்கு விமானம், கொடியில்லாத பந்தல்போல ஏதோ குறையாகவே தெரிந்தது.

“விமானத்தைத் தைச்சாங்களா?”

தோ பாயோவில் எங்களோடு இருக்கும் என் தாத்தா தையல்காரர். தேக்கா நிலையத்தின் மாடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தைத்தவர். கைநடுக்கம் வந்த பிறகு கடையை விட்டுவிட்டார். வீட்டில் அவருடைய இயந்திரம் சன்னலோரம் இருக்கிறது. அதன்மேல் ஒரு போர்வை, போர்வையின்மேல் சலவைத் துணி. அதைப்பற்றி அவரும் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

நான் கம்பிக்கு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்த மாலை, அவர் மேசைக்கு வந்து விமானத்தைப் பார்த்தார்.

“இது தகரமா, பாப்பா?”

“இல்ல தாத்தா. அசல் விமானத்துல இறக்கை துணி. மரச்சட்டத்துமேல துணியைப் போர்த்தித் தைச்சிருப்பாங்க.”

“விமானத்தைத் தைச்சாங்களா?”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். துணியை இறக்கையின் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் மெழுகு பூசிய நூலால் தைப்பார்கள். பிறகு ஒருவகைப் பூச்சைத் தடவுவார்கள். அது காயும்போது துணி சுருங்கி மேளத்தோல்போல விறைத்துக்கொள்ளும். முதல் உலகப் போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைகளில் இந்தத் தையல் வேலையைச் செய்தவர்களில் ஏராளமானோர் பெண்கள்.

“மெழுகு பூசினாத்தான் நூல் பிரியாது. காஜா போடறப்ப நாங்களும் பூசுவோம்,” என்றார். “அந்தப் பூச்சு, வேட்டிக்குக் கஞ்சி போடற மாதிரி.”

ரைட் சகோதரர்கள் கதையையும் சொன்னேன். 1903ல் பறந்து காட்டிய அந்த இருவரும் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1900ல், கிட்டி ஹாக் என்ற கடற்கரைச் சிற்றூருக்கு ஒரு கிளைடரோடு போனார்கள். அதுவும் இரண்டடுக்கு இறக்கைதான். நினைத்த நீளத்துக்கு மரம் கிடைக்காததால் இறக்கையைச் சிறியதாக்க வேண்டியிருந்தது. தைத்து வைத்திருந்த துணியும் அளவு மாறியது. வில்பர் ரைட், அவ்வூரில் தங்க இடம் கொடுத்த டேட் குடும்பத்தாரின் தையல் இயந்திரத்தை இரவல் வாங்கித் துணியைத் திருத்தித் தைத்தார். சோதனைகள் முடிந்து அவர்கள் கிளைடரை அங்கேயே விட்டுப்போனபோது, திருமதி டேட் அந்தத் துணியை எடுத்துத் தம் இரு மகள்களுக்கும் உடை தைத்துக் கொடுத்தார்.

தாத்தா சத்தமாகச் சிரித்தார். “நல்ல துணியா இருந்திருக்கும். யாரு வீணாக்குவா?”

நூலின் கணக்கு

அன்றிரவே கம்பி வேலை தொடங்கியது. முதலில் தாத்தா சாம்பல் நிறத் தையல்நூல் ஒன்றைக் கொடுத்தார். விமானத்தின்மேல் வைத்துப் பார்த்தோம், கப்பல் கயிறுபோல் இருந்தது. ஏன் என்று கணக்குப் போட்டேன். நூலின் தடிமன் கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 72ஆல் பெருக்கினால் 18 மில்லிமீட்டர். அசல் விமானத்தில் என் கட்டைவிரல் தடிமனில் கம்பி ஓடுவதாகிவிடும். போதாக்குறைக்கு நூலில் பிசிறு வேறு.

தாத்தா எழுந்து போய், போர்வையை விலக்கி, இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தார். கால்சட்டையின் கீழ்மடிப்பு வெளியே தெரியாமல் தைக்கப் பயன்படும் கண்ணாடி நைலான் நூல். கண்டு பாதி காலியாகியிருந்தது. அதன் தடிமன் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர். 72ஆல் பெருக்கினால் 7 மில்லிமீட்டர் சொச்சம். சரியாக இருந்தது.

மெல்லிய துளைக்கருவியால் இறக்கையில் துளைகள் போட்டேன். நூலைக் கோத்து, கீழே தொங்கும் முனையில் துணி மாட்டும் கவ்வி ஒன்றைக் கனத்துக்காகப் போட்டு, துளையில் ஊசிமுனை அளவு பசை வைப்பது திட்டம். வலப்பக்கக் கம்பிகள் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட நினைத்தேன். இரண்டு கம்பி இழுத்ததுமே மேல் இறக்கை வலப்பக்கம் முறுக்கிக்கொண்டது.

“ஒரு பக்கமாவே போகாதம்மா,” என்றார் தாத்தா. “கைவேலைல ஒரு பக்கத்தை முழுசாத் தைச்சிட்டு மறுபக்கம் வந்தா துணி இழுத்துக்கும். முதல்ல ஓட்டுத் தையல். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. ரெண்டு பக்கமும் சமமா வந்தப்புறம்தான் இறுக்கணும்.”

எங்கள் பாடப்புத்தகத்தில் இதே செய்தி, விசைகளின் சமநிலை என்ற தலைப்பில் இருக்கிறது. தேர்விலும் எழுதியிருக்கிறேன். ஆனால் எந்தக் கம்பியை முதலில் இழுப்பது என்ற கேள்வி அங்கே வந்ததே இல்லை.

இரண்டு கம்பிகளையும் அறுத்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. தாத்தாவால் ஊசியில் நூல் கோக்க முடியாது. விளக்கைப் பிடிக்கவும் கை ஒத்துழைக்கவில்லை. ஆனால் எந்த நூல் தளர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் சொன்னார். நான் பார்த்தபோது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவர் சொன்ன நூலை ஊசியால் தொட்டால், அது உண்மையிலேயே தளர்ந்திருந்தது. நான்கு இரவுகளில் வேலை முடிந்தது.

பழைய விமானம், இளம் விமானிகள்

வண்ணம் பூசும்போது, இந்த விமானங்கள் பொம்மைகளாகவே பிறந்தவை அல்ல என்பதும் மனத்தில் இருந்தது. உறுதியான உலோகக் கலவைகளும் வலிய இயந்திரங்களும் வந்த பிறகு, கம்பியும் கால்களும் இல்லாத ஒற்றை இறக்கை விமானங்கள் வேகத்தில் முந்தின. கம்பிகளும் கால்களும் காற்றைத் தடுக்கும் என்பதால் இரண்டடுக்கு விமானங்களால் அந்த வேகத்தை எட்டமுடியவில்லை. ஆனாலும் ஜப்பானியர் மலாயாவுக்குள் புகுந்தபோது, சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் விமானப் படைப் பிரிவுகள் சிலவற்றிடம் இருந்தவை விக்கர்ஸ் வில்டபீஸ்ட் என்ற பழைய இரண்டடுக்கு விமானங்கள்தான். 1942 ஜனவரி 26ஆம் தேதி அவை எண்டாவ் கரையில் இறங்கிக்கொண்டிருந்த ஜப்பானியப் படையைத் தாக்கப் பகல்வேளையில் அனுப்பப்பட்டன. பல விமானங்கள் திரும்பவில்லை. டைகர் மோத்துகளும் அப்போது மலாயாத் தொண்டூழிய விமானப் படையின் பயன்பாட்டில் இருந்தன.

மூன்று வாரங்களில் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 17ஆம் தேதி, பிரிட்டிஷ் படையிலிருந்த பல்லாயிரம் இந்திய வீரர்கள் ஒரு திடலில் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தத் திடலும் ஃபேரர் பார்க்தான். பாக்ஸ்கைட் பறந்த, விமி இறங்கிய அதே இடம். வில்டபீஸ்டில் போனவர்களில் பலர் என் வயதினராக இருந்திருப்பார்கள். என் விமானத்தின் இரண்டு குட்டி விமானிகளுக்கும் முகத்தில் வண்ணம் தீட்டும்போது அவசரப்படவில்லை.

முடிந்தது

வயிறு மஞ்சள், முதுகு பச்சையும் மண்நிறமும். பிரிட்டிஷ் பயிற்சி விமானங்களின் போர்க்கால வண்ணம். உற்றுப் பார்த்தால் ஓரங்களில் மஞ்சள் பச்சைக்குள் கசிந்திருக்கிறது. ஒரு சக்கரம் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. கண்ணாடியின் பனிமூட்டத்தைச் சொல்லிவிட்டேன். ஆனால் கம்பிகள் நேராக இருக்கின்றன, இறக்கை கழலவில்லை.

அடுத்த தவணையின் திட்டத்துக்காகக் குழுவினரோடு பேசியபோது, ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன். எதை எப்போது ஒட்டுவது, எத்தனை மணி நேரம் காயவிடுவது என்பதற்கு வரைபடத்தோடு சேர்த்து ஓர் அட்டவணையும் போட வேண்டும். இறக்கையை யார் ஒட்டுவது என்ற பேச்சு வந்தது. நானே ஒட்டுகிறேன் என்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு சரி என்றார்கள்.

முதன்முறை கட்டுவோருக்குச் சில யோசனைகள்

முதல் விமானம் ஒற்றை இறக்கையாக இருந்தால் எளிது. இரண்டடுக்குதான் வேண்டுமென்றால், டைகர் மோத் போலத் தாங்குகால்கள் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

பாகத்தைச் சட்டத்திலிருந்து முறித்து எடுக்காதீர்கள். வெட்டுக்குறடால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேயுங்கள்.

எதையும் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பசை வைத்த பிறகு அது காய்வதற்குப் போதிய நேரம் கொடுங்கள்.

மேல் இறக்கையை ஏற்றுவதற்கு முன்பே, பிறகு தூரிகை எட்டாத இடங்களுக்கு வண்ணம் பூசிவிடுங்கள்.

ஒளிபுகும் பாகங்களுக்கு உடனடிப் பசை வேண்டாம். பள்ளியில் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது.

சன்னலைத் திறந்து வையுங்கள். பசை, வண்ணம் இரண்டின் வாடையும் மூடிய அறையில் நல்லதல்ல.

வீட்டில் தையல், தச்சு, மின்வேலை என எதையாவது கையால் செய்து பழகியவர் இருந்தால், மாட்டிக்கொண்ட இடத்தில் அவரிடம் கேளுங்கள்.

விமானம் இப்போது தாத்தாவின் இயந்திரத்தின்மேல் நிற்கிறது. சலவைத் துணிக்கு வேறு இடம் பார்த்தாயிற்று. சென்ற ஞாயிற்றுக்கிழமை தாத்தா அதன் அருகே குனிந்து, இரண்டு விமானிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல ஓட்டறது யாரு?”

“பின்னால இருக்கிறவர் மாணவர், தாத்தா. அவர்தான் ஓட்டறாரு. முன்னால இருக்கிறவர் ஆசிரியர்.”

சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நூல்கண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தார்.

“அடுத்தது வாங்கறப்ப,” என்றார், “கம்பி நிறைய இருக்கறதாப் பார்த்து வாங்கு.”